ஆண்டு இல்லாத திங்கட்கிழமை

“கார்த்திகை மாதம், திங்கட்கிழமை. இன்று காலை எங்கள் ஊர் ஓடையில் தண்ணீர் தெளிவாக ஓடுகிறது. தரைப்பாலத்தின் மேல் கணுக்கால் அளவுதான் இருக்கிறது. ஓரத்து வெள்ளைக் கற்கள் எல்லாம் தெரிகின்றன. நடந்து போகலாம். வண்டியும் போகலாம். இப்படிக்கு, நீர் அளவுக் குழு. எழுதியவர்: ஏ. கயல்விழி.”

எங்கள் பள்ளியின் வகுப்பு வலைப்பூவில் வந்த பதிவு இது. அச்செடுத்து வைத்திருக்கிறேன். தாளின் பின்பக்கத்தில், என்றைக்கு எழுதப்பட்டது, என்றைக்கு நான் அச்செடுத்தேன் என்று இரண்டையும் ஆண்டோடு குறித்திருக்கிறேன். முன்பக்கத்தில் மாதம் இருக்கிறது, கிழமை இருக்கிறது. ஆண்டு இல்லை. இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். அந்தப் பிள்ளைகள் ஓடையில் இறங்கி, அளவுக்கோலை ஊன்றி, பார்த்ததைப் பார்த்தபடி எழுதினார்கள்.

ஆசிரியப் பணியில் சேர்ந்த கையோடு வகுப்புக்கு வலைப்பூ, பெற்றோருக்கு வாட்ஸ்அப் குழு, பாடத்துக்குக் காணொளி என்று தொடங்கிவிட்ட தம்பி, தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். நான் சமூக அறிவியல் ஆசிரியை. திண்டிவனத்தில் குடியிருந்துகொண்டு, மயிலம் போகும் பக்கத்தில் ஓடைக்கு அப்பால் இருக்கும் ஒரு கிராமத்துப் பள்ளியில் கடைசிப் பல ஆண்டுகள் வேலை பார்த்து, போன வைகாசியில் ஓய்வு பெற்றேன். வலைப்பூவை எப்படித் தொடங்குவது, படம் எப்படி ஏற்றுவது என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதை நான் சொல்லப் போவதில்லை. ஒரு காலை நேரத்தில் நடந்ததை மட்டும் சொல்கிறேன். நான் காதால் கேட்டது எது, பிறகு பிறர் சொன்னது எது என்று பிரித்தே சொல்கிறேன். அது என் பழக்கம்.

வலைப்பூ தொடங்கிய புதிதில் வந்த பதிவுகளைப் பார்த்தால் உங்களுக்குச் சிரிப்பு வரும். மல்லாட்டையைப் பற்றி எழுதச் சொன்னேன். ஒரு பையன் “நிலக்கடலை தென் அமெரிக்காவைப் பூர்வீகமாகக் கொண்ட பருப்பு வகைத் தாவரமாகும்” என்று ஆரம்பித்து முழுப்பக்கம் எழுதிவிட்டான். கடைசி வரியில் “மேலும் படிக்க இங்கே சொடுக்கவும்” என்றும் இருந்தது. அதையும் சேர்த்தே எடுத்து ஒட்டியிருந்தான். அவன் வீட்டு வாசலில் மல்லாட்டைச் செடி மூட்டை மூட்டையாகக் கிடந்த மாதம் அது.

“உங்க கொல்லையில இருக்கறத ஏன்டா எழுதல?” என்று கேட்டேன்.

“அது சும்மா எங்க ஊட்டுது மிஸ். அத்த யாரு படிப்பாங்க?” என்றான்.

அன்றைக்கு வகுப்பில் ஒரு விதி போட்டோம். கண்ணால் பார்த்தது, கையால் அளந்தது, இரண்டு மட்டுமே வலைப்பூவில் வரும். அந்த விதியிலிருந்து பிறந்ததுதான் நீர் அளவுக் குழு. ஓடையும் தரைப்பாலமும் ஊருக்கும் மெயின் ரோட்டுக்கும் நடுவில் இருந்தன. மழைக்காலத்தில் ஊர் முழுக்கக் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: பாலத்தில் தண்ணீர் எவ்வளவு? பிள்ளைகள் காலையில் போய் அளந்தார்கள். எழுதினார்கள். திண்டிவனத்தில் வேலைக்குப் போயிருக்கும் அப்பன்மார்கள் போனில் பார்த்துவிட்டு, எந்த வழியாக வீட்டுக்கு வரலாம் என்று முடிவு செய்தார்கள். நான் முப்பது வருடமாக எடுத்த எந்தப் பாடத்தையும் ஊர் இப்படி நம்பிப் படித்ததில்லை.

குழுவின் தலைவி கயல்விழி. அதிகம் பேசாத பெண். அளவுக்கோலில் சேறு பட்டால் துடைத்துவிட்டு மறுபடியும் ஊன்றிப் பார்ப்பாள். அவள் அப்பா ஏழுமலை ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். விடியற்காலையில் ஊர்ப் பெண்களைப் பூக்கூடையோடு திண்டிவனம் மார்க்கெட்டுக்கு ஏற்றிப் போவார். வியாபாரம் முடிந்ததும் திருப்பிக் கூட்டி வருவார். வீட்டில் போன் ஒன்றுதான். அது அவரிடம்தான் இருக்கும்.

மேலே எடுத்துக்காட்டிய பதிவை அவள் எழுதியது ஒன்பதாம் வகுப்பில். அதோடு ஒரு படமும் இருந்தது. பிள்ளைகள் பாலத்தில் கணுக்கால் தண்ணீரில் வரிசையாக நிற்கிறார்கள். பின்னால் கரையில் பெரிய புளியமரம். மழை விட்ட வெளிச்சம். நல்ல படம். அந்தப் படமே பிறகு வினையானது.

அந்த ஆண்டு மாசி மாதத்தில், வகுப்பில் இணையத்தைப் பயன்படுத்தும் பள்ளிகளை விழுப்புரத்துக்கு வரவழைத்து ஒரு பயிற்சி வைத்தார்கள். எங்கள் வலைப்பூவைத் திரையில் போட்டுக் காட்ட வேண்டும். அதற்கு முன்னால் பயிற்றுநர் ஒருவர் என் பக்கத்தில் உட்கார்ந்து சரிபார்த்தார். இளைஞர், கெட்டிக்காரர், எனக்குப் பல விஷயங்களைப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தவர். அவர் பெயரை எழுத வேண்டியதில்லை.

“மேடம், பதிவு மேலயெல்லாம் தேதி தெரியுது பாருங்க. நடுவுல ரெண்டு மாசம் ஒண்ணுமே போடல. பாக்கறவங்களுக்குச் செத்துப் போன பிளாக் மாதிரி தெரியும். தேதிய மறைச்சிடலாம்,” என்றார்.

“தேதி இல்லாம எப்படிங்க? கல்வெட்டுலகூட ராஜாவுக்கு எத்தனாவது ஆட்சி வருஷம்னு போட்டிருப்பாங்களே,” என்றேன்.

அவர் சிரித்தார். “கல்வெட்டுக்கு இன்ஸ்பெக்‌ஷன் கெடையாதே மேடம்.”

எங்கள் தலைமையாசிரியரும் அதுவே நல்லது என்றார். நானும் தலையாட்டினேன். பிள்ளைகள்தான் முதல் வரியிலேயே மாதமும் கிழமையும் எழுதுகிறார்களே, அது போதும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். தேதி மறைந்தது. கயல்விழியின் பதிவு, படம் நன்றாக இருந்ததால், வலைப்பூவைத் திறந்தால் முதலில் தெரியும்படி மேலே நிறுத்தி வைக்கப்பட்டது. விழுப்புரத்தில் எல்லோரும் கைதட்டினார்கள். திரும்பி வந்தோம். மேலே நிறுத்தியதைக் கீழே இறக்க யாருக்கும் தோன்றவில்லை.

அடுத்த கார்த்திகை வந்தது. கயல்விழி பத்தாம் வகுப்பு. அரையாண்டுத் தேர்வு நெருங்கியதால் அந்த ஆண்டு நீர் அளவுக் குழு இன்னும் தொடங்கவில்லை. சனிக்கிழமை பிடித்த மழை ஞாயிறு முழுக்க விடவில்லை. திங்கட்கிழமை மாவட்டத்துக்கே விடுமுறை விட்டார்கள். நான் திண்டிவனத்தில் வீட்டில் இருந்தேன்.

காலைச் சாப்பாடு முடிந்த நேரம். எங்கள் பள்ளிக் கணக்கு ஆசிரியையிடமிருந்து போனில் ஒரு செய்தி வந்தது. “மேடம், நம்ம பிள்ளைங்க லீவுலயும் ஊருக்கு உதவி பண்றாங்க, பெருமையா இருக்கு” என்று எழுதி, கைகூப்பும் படம் போட்டிருந்தார். கீழே ஒரு படம். ஊர் வாட்ஸ்அப் குழுவில் சுற்றி வந்ததாம். யாரோ வலைப்பூவைத் திறந்து, மேலே இருந்த பதிவை அப்படியே திரையில் படமெடுத்துப் போட்டிருந்தார்கள். “கார்த்திகை மாதம், திங்கட்கிழமை” என்று முதல் வரி. கடைசியில் “வண்டியும் போகலாம்.”

ஒரு நொடி எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அதை மறைக்காமல் எழுதுகிறேன். இந்த மழையிலும் போய் அளந்திருக்கிறார்களே என்றுதான் நினைத்தேன். அப்புறம் படத்தில் புளியமரத்தைப் பார்த்தேன்.

அந்த மரம் இல்லை. சாலையை அகலப்படுத்துவதற்காக ஆனி மாதத்திலேயே வெட்டிவிட்டார்கள். வெட்டிய நாள்கூட என் குறிப்பில் உண்டு.

அப்போது எனக்கு ஏற்பட்டதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. பொய்ச் செய்தியை எப்படிக் கண்டுபிடிப்பது என்று வகுப்பில் பாடமே எடுத்திருக்கிறேன். படம் எங்கிருந்து வந்தது, யார் சொன்னது, ஆதாரம் என்ன என்று கேளுங்கள் என்பேன். இங்கே எல்லாக் கேள்விக்கும் சரியான பதில் இருந்தது. படம் உண்மை. சொன்னது எங்கள் பள்ளி. எழுதியவள் வகுப்பிலேயே கவனமான பெண். மாதமும் கிழமையும் பொருந்துகின்றன. உண்மையான செய்தி ஒன்று ஓடைக்கு ஆள் அனுப்பிக்கொண்டிருந்தது.

தலைமையாசிரியருக்குப் போன் போட்டேன். அவர் விழுப்புரத்தில் இருந்தார். விக்கிரவாண்டியைத் தாண்ட முடியாதபடி ரோட்டில் தண்ணீர் நிற்கிறது, தான் வர முடியாது என்றார். விஷயத்தைச் சொன்னதும் அவர் குரல் மாறியது.

“மேடம், மொதல்ல அத்த டெலீட் பண்ணுங்க. ஸ்கூல் பேரு வெளிய வந்துடும். ஜல்தியா பண்ணுங்க.”

“அழிச்சா என்ன சார் ஆகும்? படம் எடுத்து ஊரெல்லாம் அனுப்பிட்டாங்க. சந்தேகப்பட்டு ஒருத்தர் பிளாக்கத் திறந்து பாத்தா, அது பழசுன்னு தெரியணும். அழிச்சிட்டா ஒண்ணுமே தெரியாது.”

“மேடம், உங்க சரித்திரத்த அப்பறம் வெச்சிக்கலாம்.”

அவர் பயத்தில் பேசினார். அவரை நான் குறை சொல்லவில்லை. பள்ளிக்குக் கெட்ட பெயர் வந்தால் முதலில் பதில் சொல்ல வேண்டியவர் அவர். ஆனால் இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். நெருக்கடி வந்தால் அழிப்பதற்குத்தான் முதலில் கை போகும். அழித்ததும் எதையோ செய்துவிட்ட நிம்மதி வரும். ரோட்டில் வந்துகொண்டிருப்பவனுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. நான் பதிவை அழிக்கவில்லை. தலைப்பை மாற்றினேன். “இது போன ஆண்டு எழுதியது. இன்று தரைப்பாலத்தின் பக்கம் போகாதீர்கள்” என்று போட்டேன். பெற்றோர் குழுவிலும் அதையே போட்டேன். ஆனால் அந்தப் படம் சுற்றுவது ஊர்க்குழுவில். அதில் நான் இல்லை; கணக்கு ஆசிரியைக்கும் அதை வேறு யாரோதான் அனுப்பியிருந்தார்கள்.

கயல்விழியின் எண்ணுக்கு அழைத்தேன். நீ இன்றைக்கு ஏதாவது எழுதினாயா, யாராவது பாலத்துப் பக்கம் போனார்களா என்று கேட்கலாம் என்றுதான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. இரண்டாவது முறை அடிக்கும்போதுதான் உறைத்தது: இது கயல்விழியின் எண் இல்லை, அவள் அப்பாவின் எண். போன் அவரிடம் இருக்கிறது. அவர் வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறார். பூ வியாபாரம் முடிந்து பெண்களை ஏற்றிக்கொண்டு ஊருக்குத் திரும்பும் நேரம் இது. அந்தப் படம் அவருக்கும் வந்திருக்கும். அதில் அவர் மகள் பெயர் இருக்கிறது.

பாலத்துக்கு இந்தப் பக்கம், மெயின் ரோட்டிலிருந்து இறங்கும் இடத்தில் ஒரு டீக்கடை உண்டு. கடைக்காரி தனலட்சுமி. அவள் மகன் எங்களிடம் ஏழாம் வகுப்பு படித்தான். பெற்றோர் எண்களில் அவள் எண்ணும் இருந்தது. உடனே எடுத்தாள்.

“தனம், தரைப்பாலத்துல தண்ணி எவ்வளவு இருக்குது?”

“இன்னா மிஸ், லீவு உட்டும் பாடமா? தண்ணி செம்மண்ணக் கரைச்சாப்பல வருது. ஓரத்துக் கல்லு ஒண்ணுகூட தெரியல.”

“யாராவது கடக்கறாங்களா?”

“இப்பதான் ஒரு டூவீலரு எறங்கிச்சி. மழைக்கோட்டு போட்டுக்கினு ஒரு ஆளு. சொல்லச் சொல்லக் கேக்காம போய்ட்டாரு.”

இந்த வாக்கியத்தை நான் கேட்டேன். ஆனால் என் மனம் அதில் நிற்கவில்லை. அடுத்து வரப் போகிற ஆட்டோவில் இருந்தது.

“இனிமே யாரையும் இறங்க விடாத. ஏழுமலை ஆட்டோ வந்தா நிறுத்து.”

“நான் சொன்னா நிக்குமா மிஸ் அந்தாளு?”

“கடைப் பெஞ்ச எடுத்து ரோட்டுல குறுக்கப் போடு.”

“பெஞ்சு மேல ஆளுங்க குந்திக்கினு இருக்காங்களே.”

“அவங்களையும் சேத்துப் போடு. போனக் கட் பண்ணாத.”

அதற்குப் பிறகு நடந்ததை நான் போனில் கேட்டேன். மழைச் சத்தம், பெஞ்சை இழுக்கும் சத்தம், எவரோ டம்ளரைக் கீழே போட்டுத் திட்டும் சத்தம். கொஞ்ச நேரத்தில் ஆட்டோ வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

“யக்கா, இன்னா நடு ரோட்டுல பெஞ்சப் போட்டுக்கினு? கட்சிக் கூட்டமா?” இது ஏழுமலை.

“தண்ணியப் பாரு ஏழுமல. கண்ணத் தொறந்து பாரு.”

“எல்லாம் பாத்துட்டுதான் வர்றேன். இந்தா பாரு, ஸ்கூல்ல போட்டுக்கிறாங்க. எம் பொண்ணு பேரு போட்டிருக்குது. கணுக்கால் அளவுதானாம். திங்கக்கெழம. இன்னைக்கி இன்னா கெழம?”

“உம் பொண்ணு எழுதனா ஓடை நின்னு கேக்குமாடா?” என்றது ஆட்டோவுக்குள்ளிருந்து ஒரு பெண் குரல். பூக்காரப் பெண்களில் ஒருவர்.

“நீ சும்மா இரு சித்தி. படிச்ச புள்ள கோல் வெச்சி அளந்து எழுதிருக்குது. நீ அளந்தியா?”

“நான் எதுக்கு அளக்கறேன். முங்குனா தன்னால தெரியும்.”

உள்ளே பெண்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. பாலத்தில் இறங்கத்தான் போகிறோம் என்று நினைத்துக்கொண்டே சிரித்தார்கள்.

“மயிலம் சுத்திப் போயேன் தம்பி,” என்றாள் தனலட்சுமி.

“காலையில இருட்டுல அப்டிதான் சுத்திக்கினு போனேன். மறுபடியும் எதுக்கு அவ்ளோ தூரம்? பேஜாரு பண்ணாத யக்கா. பெஞ்ச எடு. இவங்களயெல்லாம் எறக்கிட்டு எனக்கு அடுத்த சவாரி இருக்குது.”

நான் போனில் கத்தினேன். கத்தியது கேட்டிருக்காது. தனலட்சுமியே போனை அவர் கையில் கொடுத்தாள். “இந்தா, மிஸ்ஸு லைன்ல இருக்காங்க. அவங்களாண்ட பேசு.”

“மிஸ், வணக்கம் மிஸ்,” என்றார் ஏழுமலை. குரலே மாறிவிட்டது. “பாப்பா எழுதனதப் பாத்தேன் மிஸ். நல்லா எழுதிருக்குது. நீங்கதான் போட்டீங்களா?”

என்ன சொல்வது? தம்பி, தங்கைகளே, உங்களை நான் இந்த இடத்துக்குக் கூட்டிவரத்தான் இத்தனையும் எழுதினேன். “அது தப்பு” என்று சொல்லியிருந்தால், தன் மகள் தப்பாக எழுதிவிட்டாள் என்று கேட்டிருப்பார். மகளுக்காக என்னோடு வாதாடியிருப்பார். தேதி மறைத்ததையும் விழுப்புரத்துப் பயிற்சியையும் விளக்க நேரமில்லை. “போகாதீங்க” என்று மட்டும் சொன்னால், டீச்சர் பயந்துகொண்டு சொல்கிறார், மகள் கண்ணால் பார்த்து எழுதியிருக்கிறாள் என்று எடைபோட்டிருப்பார். அவர் நம்பிய ஆதாரத்தைக்கொண்டே அவருக்குக் காட்ட வேண்டியிருந்தது.

“ஏழுமலை, பாப்பா எழுதினது சரிதான். அந்தப் படத்தக் கொஞ்சம் பாருங்க. பிள்ளைங்களுக்குப் பின்னால கரையில என்ன மரம் இருக்குது?”

“புளியமரம் மிஸ்.”

“இப்ப தலையத் தூக்கிக் கரையப் பாருங்க.”

மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

“மரம் இல்ல மிஸ்,” என்றார். பிறகு மெதுவாக, “ஆனி மாசம் வெட்டுனாங்க மிஸ். கெளைங்கள நான்தான் ஆட்டோவுல ஏத்திக்கினு போனேன்.”

போன் தனலட்சுமியிடம் போனது. “குந்திட்டாரு மிஸ்,” என்றாள். “போட்ட பெஞ்சு மேலயே குந்திட்டாரு. தண்ணியப் பாத்துக்கினே இருக்காரு. டீ குடுத்தேன், கையில வெச்சிக்கினு இருக்காரு.”

நண்பகலுக்குள் பாலத்தின் ஒரு பக்கம் உடைந்து இறங்கியது. இதை நான் பார்க்கவில்லை. தனலட்சுமி சொன்னாள். தண்ணீர் வடிந்த பிறகு போய்ப் பார்த்தபோது, ஒரு ஆட்டோ அகலத்துக்குச் சாலை இல்லாமல் இருந்தது.

பள்ளி திறந்த நாளில் எல்லோருக்கும் விஷயம் தெரிந்திருந்தது. கயல்விழி முதல் பாடவேளை முடியும் வரை தலை நிமிரவில்லை. பையன்கள் அவளுக்கு “வானிலை அறிக்கை” என்று பெயர் வைத்துவிட்டார்கள். மதிய இடைவேளையில் ஆசிரியர் அறைக்கு வெளியே வந்து நின்றாள்.

“நான் தப்பா எழுதிட்டேனா மிஸ்?”

“இல்லம்மா. நீ எழுதினது சரி.”

“அப்ப எதுக்கு மிஸ் எல்லாரும் என்னையே பாக்கறாங்க?”

உள்ளே வந்து உட்காரச் சொன்னேன். அவள் வாசலிலேயே நின்றாள்.

“எங்கப்பா போயிருந்தா, என்னப் பாத்துதான போயிருப்பாரு,” என்றாள். “இனிமே நான் எழுதல மிஸ். என் பேர எடுத்துடுங்க.”

நான் அதிர்ந்தது ஓடைக்காக மட்டும் இல்லை. சொந்தக் கண்ணால் பார்த்ததை எழுதச் சொல்லி நான் வளர்த்த பெண், சரியாக எழுதியதற்காகவே எழுதப் பயப்பட்டாள். அந்த ஓடை அவளையும் கொண்டுபோகப் பார்த்தது.

வலைப்பூவை மூடிவிடலாம் என்று தலைமையாசிரியர் சொன்னார். விழுப்புரத்துப் பயிற்றுநரிடமிருந்து போன் வந்தது. விஷயம் அவர் காதுக்கும் போயிருந்தது. “அந்த செட்டிங்க மாத்திட்டீங்களா மேடம்?” என்று மட்டும் கேட்டார். மாத்திட்டேன் என்றேன். அவராகவே அதைக் கேட்டதும் அவர்மேல் எனக்கிருந்த கொஞ்சக் கோபமும் போய்விட்டது. செத்ததுபோல் தெரியக் கூடாது என்றுதான் தேதியை மறைக்கச் சொன்னார். உயிரோடிருக்கும் ஆட்களைப் பற்றி அவரும் யோசிக்கவில்லை, நாங்களும் யோசிக்கவில்லை. அந்தப் பதிவைப் படிக்கப் போவது அதிகாரிகள் என்றே எல்லோரும் நினைத்தோம்.

மூடுவதா வேண்டாமா என்ற பேச்சை முடித்துவைத்தவர் ஏழுமலை. அந்த வாரமே ஒரு நாள் பள்ளி வாசலில் ஆட்டோவை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். தலைமையாசிரியர் எழுந்து நின்றுவிட்டார்; சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்தார்.

“பாப்பா எழுத மாட்டேங்குது சார்,” என்றார் ஏழுமலை. “நீங்க எழுதச் சொல்லுங்க. ஊர்ல எல்லாரும் அதப் பாத்துத்தான் வண்டி எடுக்கறோம். ஆனா எந்த வருசம்னு போடச் சொல்லுங்க. அது ஒண்ணுதான்.”

மகளைக் கூப்பிட்டு அவர் எதிரிலேயே கேட்டோம். அவள் அப்பாவைப் பார்த்தாள்.

“எழுத்துல போட்டா வெட்டிட்டு அனுப்புவாங்க மிஸ்,” என்றாள். “படத்துக்குள்ள போடணும்.”

எங்களில் யாருக்கும் தோன்றாத யோசனை அது. அன்றிலிருந்து நீர் அளவுக் குழு படம் எடுக்கும்போது, அளவுக்கோலோடு ஒட்டி ஒருவர் சிலேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அதில் நாள், மாதம், ஆண்டு. தண்ணீர் மட்டமும் தேதியும் ஒரே இடத்தில் இருக்கும். தேதியை வெட்டினால் தண்ணீரையும் வெட்ட வேண்டும். பழைய பதிவுகள் அத்தனைக்கும் ஆண்டு போடும் வேலையைக் கயல்விழியே ஏற்றுக்கொண்டாள். தன் பெயரை எடுக்கச் சொல்லி மறுபடியும் அவள் கேட்கவில்லை. அந்தக் கார்த்திகைப் பதிவை மட்டும் அவள் அழிக்கவுமில்லை, திருத்தவுமில்லை. அதன் கீழே, “இதை எழுதியபோது இது உண்மை” என்று எழுதி, தேதி போட்டு வைத்தாள்.

உங்களுக்கு நான் சொல்ல வந்ததை இத்தோடு முடித்திருக்கலாம். ஏழுமலை தப்பித்தார், பூக்காரப் பெண்கள் தப்பித்தார்கள், கயல்விழி இப்போது திண்டிவனத்தில் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். கேட்பவர்கள் அதோடு மூச்சு விட்டுக்கொள்கிறார்கள். எனக்கு முடியவில்லை.

தண்ணீர் வடிந்த அன்று, உடைந்த பாலத்தைப் பார்க்கப் போனபோதுதான் தனலட்சுமி போனில் முதலில் சொன்ன வாக்கியம் என் நினைவுக்கு வந்தது. அந்த டூவீலர்காரர் என்ன ஆனார் என்று கேட்டேன். அவள் டம்ளர் கழுவுவதை நிறுத்தினாள்.

“பாலத்துல பாதி வரைக்கும் பின்னாடி செவப்பு லைட்டு தெரிஞ்சிது மிஸ். அப்பதான் நீங்க போன் பண்ணீங்க. பெஞ்ச இழுக்கப் போய்ட்டேன். திரும்பிப் பாக்கறப்ப லைட்டு இல்ல. அந்தாண்ட ஏறிட்டாருன்னு நெனச்சிக்கினேன்.”

“எந்த ஊர் ஆளு?”

“தெரியாத முகம். கடையாண்ட நின்னு போன எடுத்துப் பாத்தாரு. அப்பறம் எறங்குனாரு.”

அக்கரையில் ஊர்க்காரர்களைக் கேட்டோம். அந்த மழையில் யாரும் வெளியே நிற்கவில்லை. பார்த்ததாக ஒருவரும் சொல்லவில்லை. கீழே ஓடை போய்ச் சேரும் ஊர்களில் கேட்டேன். வண்டி எதுவும் ஒதுங்கவில்லை என்றார்கள். காவல் நிலையத்தில் விசாரித்தபோது, அந்தப் பக்கத்தில் அந்த நாள்களில் ஆளைக் காணோம் என்று யாரும் புகார் தரவில்லை என்றார்கள். இவை நல்ல அறிகுறிகள்தாம். ஆனால் அறிகுறி ஆதாரமாகாது.

பிள்ளைகள் வலைப்பூவின் மேலே ஒரு கேள்வியை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். நாள், மாதம், ஆண்டு மூன்றும் சேர்த்து. அன்று காலை மழைக்கோட்டு அணிந்து இருசக்கர வண்டியில் தரைப்பாலத்தில் இறங்கியவர் நீங்களா, அல்லது அவரைத் தெரியுமா என்று கேட்கிறது. இதை நான் எழுதி முடிக்கும் வரை அதன் கீழே பதில் எதுவும் வரவில்லை. இறங்குவதற்கு முன் அவர் போனில் பார்த்தது எங்கள் பதிவைத்தானா என்பது உறுதி செய்யப்படவில்லை. அவர் அக்கரை சேர்ந்தாரா என்பதும் உறுதி செய்யப்படவில்லை.